அக்காவுக்குப் புவாரோ, எனக்குச் சூஷே

ஆங்கில நடிகர் டேவிட் சூஷேயை நேரில் பார்க்க டிக்கெட் எடுத்த அன்றே எனக்கும் அக்காவுக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதில்தான். அக்காவைப் பொறுத்தவரை அந்த மனிதரின் பெயர் ஹெர்க்யூல் புவாரோ. அகதா கிறிஸ்டியின் பெல்ஜியத் துப்பறிவாளர், முட்டைத் தலை, முறுக்கிய மீசை, தூசு படாத காலணி, கடைசியில் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கொலைகாரன் யாரென்று சொல்லும் அந்தப் பத்து நிமிடம். 1989 ஜனவரியில் பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கி 2013 நவம்பரில் முடிந்த, சூஷே புவாரோவாக நடித்த தொடரில் மொத்தம் 70 கதைகள். அக்கா எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருப்பவள். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் எதற்கு என்று கேட்டால், "கொலைகாரனைப் பாக்கவாடா நான் உக்காந்திருக்கேன்?" என்பாள்.

எனக்கு அவர் மேடைக்காரர். 1973-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் சேர்ந்து ஷேக்ஸ்பியரின் காலிபன், ஷைலாக், இயாகோ என்று ஒவ்வொன்றாகச் செய்து வந்தவர். நான் அவரை மேடையில் முதலில் பார்த்தது 2019-இல், லண்டன் விண்டம்ஸ் தியேட்டரில், ஆர்தர் மில்லரின் 'தி பிரைஸ்' நாடகத்தில். பழைய மரச்சாமான்களை விலைக்கு வாங்க வரும் கிரெகரி சாலமன் என்ற கிழவர் வேடம். வயது தொண்ணூறை நெருங்குகிறது. விலை பேச வந்த இடத்தில் மனுஷன் சாவகாசமாக உட்கார்ந்து, கொண்டுவந்த பைக்குள்ளிருந்து ஓர் அவித்த முட்டையை எடுத்துத் தின்பார். நாடகத்தில் எழுதியிருப்பதுதான், இவர் சேர்த்த சேட்டை கிடையாது. எதிரே சாமானை விற்க வந்தவர் எவ்வளவு தருவீர்கள் என்று தெரிந்துகொள்ளத் தவித்துக்கொண்டு நிற்கிறார், இவர் முட்டையைத் தின்றுகொண்டிருக்கிறார், அரங்கில் ஒருவர்கூட அந்த முட்டையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. காலை உணவில் இரண்டு முட்டையும் ஒரே அளவில் இல்லையென்றால் முகம் சுளிக்கும் புவாரோவும் இதே ஆள்தான் என்பது எனக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. முட்டை தின்னும்போது கூட அடையாளம் தெரியாத அளவுக்கு ஒருவர் மாற முடியுமா என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

நிகழ்ச்சியின் பெயர் 'புவாரோ அண்ட் மோர்'. எங்கள் இரண்டு பேருக்கும் பாகம் பிரித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் இதை நடத்தியிருக்கிறார். அப்புறம் கொரோனா வந்து, அந்த மார்ச்சில் பிரிட்டனின் தியேட்டர்கள் மொத்தமாக மூடிக்கொண்டன. 2021 கடைசியில் இங்கிலாந்தின் பல ஊர்களில் சுற்றிவிட்டு, 2022 ஜனவரியில் லண்டன் ஹெரால்ட் பின்டர் தியேட்டருக்கு வந்தது. முதல் பாதி பேட்டி. கேள்வி கேட்பவர் ஜெஃப்ரி வான்செல். பத்திரிகையாளர், சூஷேயின் பழைய நண்பர், 'புவாரோ அண்ட் மீ' என்ற நினைவுக் குறிப்பு நூலை அவரோடு சேர்ந்து எழுதியவர். இரண்டாம் பாதியில் சூஷே தன் தொழிலைப் பற்றித் தானே விளக்குவார், நடித்தும் காட்டுவார்.

நடிகர்களை மேடையில் உட்காரவைத்துப் பேட்டி எடுப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. அரசியல்வாதி பேட்டியில் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடலாம். நடிகர் உண்மையைச் சொன்னாலே நடிக்கிறாரோ என்று தோன்றும். அதிலும் ஐம்பது வருடம் மேடை ஏறியவருக்கு எந்த இடத்தில் குரலை இறக்கினால் கூட்டம் முன்னால் சாயும், எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிக்கும் என்பதெல்லாம் எலும்பில் ஊறியிருக்கும். அவரிடம் "நீங்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? இதை அக்காவிடம் சொன்னேன். "நீ வரலைன்னா சொல்லு, டிக்கெட்டை வேற யாருக்காவது குடுத்துடறேன்" என்றாள். போய்விட்டேன்.

ஹெரால்ட் பின்டர் தியேட்டர் பான்டன் தெருவில் இருக்கிறது, பிக்கடில்லியிலிருந்து நடக்கிற தூரம். 1881-இல் கட்டியது. வெகுகாலம் காமெடி தியேட்டர் என்றுதான் பெயர். 2011-இல்தான் நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டர் பெயரை வைத்தார்கள். நான்கு அடுக்கு இருந்தும் எண்ணூறு பேருக்குள் அடங்கிவிடும் அரங்கம், எங்கே உட்கார்ந்தாலும் மேடை பக்கத்தில் இருப்பதாகத்தான் தோன்றும். சூஷேக்கும் இந்தப் பெயருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1993-இல் ராயல் கோர்ட் தியேட்டரில் டேவிட் மாமெட்டின் 'ஒலியானா' நாடகத்தில் அவரை இயக்கியவர் பின்டர். 2018-இல் பின்டரின் குறுநாடகங்களை வரிசையாகப் போட்டபோது இதே மேடையில் சூஷே நடித்தார். பின்டர் என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது வசனத்துக்கு நடுவே அவர் எழுதி வைக்கும் மௌனம். அந்த மனிதரிடம் வேலை பார்த்தவருக்கு எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்பது தெரியாமல் போகுமா? அன்றைக்கு மாலை இது எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

ஒமிக்ரான் காலம். தியேட்டருக்குள் முகக்கவசம் கட்டாயம். முன் வரிசையில் ஒருவர் கறுப்பு மீசை வரைந்த முகக்கவசத்தோடு வந்திருந்தார், அக்காவுக்கு அதைப் பார்த்ததிலிருந்து பொறாமை. மூடிய வாயோடு நூற்றுக்கணக்கானவர்கள் சிரித்தால் அந்தச் சத்தம் ஒரு மாதிரி அமுங்கி வரும். நடிகருக்கு முகங்கள் தெரியாது, கண்கள் மட்டும்தான். இருந்தாலும் அவர் உள்ளே வந்தபோது எழுந்த கைத்தட்டலில் அதெல்லாம் ஒரு குறையாகவே தெரியவில்லை. இரண்டு வருடமாக வீட்டில் அடைந்து கிடந்த கூட்டம், யார் வந்திருந்தாலும் தட்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் இது கொஞ்சம் அதிகம்தான்.

வந்தவர் புவாரோ இல்லை. இதுதான் முதல் அதிர்ச்சி, அக்காவுக்கும் சேர்த்து. ஒல்லியாக இருக்கிறார். தொடரில் பார்த்த தொப்பை எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய பஞ்சு. நடை நீளமான சாதாரண நடை. அப்புறம் குரல், நல்ல கனமான குரல், நெஞ்சுக்கு அடியிலிருந்து வருகிறது. அக்கா என் பக்கம் குனிந்து, "இது யாருடா?" என்றாள்.

ஆரம்பக் கேள்விகள் வழக்கம்போல் குடும்பம், பிள்ளைப்பிராயம். அப்பா மகப்பேறு மருத்துவர், மகன் நடிகனாவதை விரும்பாதவர். அம்மா மேடையில் ஆடியவர். அம்மாவின் அப்பா ஜேம்ஸ் ஜார்ஷே லண்டன் பத்திரிகை உலகில் பேர் போன புகைப்படக்காரர்; பேரனுக்கும் கேமராப் பித்து அங்கிருந்து வந்ததுதான். இந்தப் பகுதியை நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், புத்தகத்திலேயே இருக்கிறது.

சூடு பிடித்தது 1985-இல். அந்த வருடம் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் பீட்டர் உஸ்தினோவ் புவாரோவாக நடித்தார், அதில் புவாரோ கதைகளில் வரும் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாப்பாக வந்தவர் சூஷே! தன் வாழ்நாளிலேயே மோசமான நடிப்பு அதுதான் என்று சூஷே பல தடவை சொல்லியிருக்கிறார். நான் அதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு மோசமில்லை, ஆனால் என்ன செய்வதென்று தெரியாத ஒரு நடிகர் கைக்குக் கிடைத்ததையெல்லாம் செய்கிறார் என்பது தெரியும். நாலு வருடம் கழித்து அதே துப்பறிவாளரின் வேடத்தில் ஒவ்வோர் அங்குலத்தையும் அளந்து வைத்த ஆள் இவர்தான் என்று சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

புவாரோ வேடத்துக்கு அழைப்பு வந்ததும் அண்ணனிடம் யோசனை கேட்டாராம். அண்ணன் ஜான் சூஷே, அப்போது ஐடிஎன் தொலைக்காட்சிச் செய்தியாளர், பிரிட்டனில் எல்லாருக்கும் தெரிந்த முகம். அவர் சொன்ன பதில், அந்தப் பக்கமே போகாதே, அது கோமாளி வேடம், உனக்கு ஒத்துவராது என்கிற ரகம். இந்தக் கதையைச் சூஷே எத்தனையோ இடங்களில் சொல்லியிருக்கிறார், எனக்கு ஏற்கெனவே தெரியும், பக்கத்தில் அக்காவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் பாட்டி சொல்லும் கதையில் அடுத்தது என்னவென்று தெரிந்தே கேட்பது போல அந்த அரங்கமே அந்த வரிக்காகக் காத்திருந்தது. அவருக்கும் நாங்கள் காத்திருப்பது தெரியும். அண்ணனின் பதிலைச் சொல்வதற்கு முன் ஒரு நொடி வான்செலைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார், சொல்லவேயில்லை இன்னும், அதற்குள் சிரிப்பு தொடங்கிவிட்டது.

என் சந்தேகம் பாதி கரைந்தது இந்த இடத்தில்தான். சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை என்பது உண்மை. ஆனால் கதையைத்தான் அவர் அச்சு அசலாக வைத்திருக்கிறார். அதை எப்போது விடுவது என்பதை அன்றைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து அங்கேயே முடிவு செய்கிறார். தொலைக்காட்சிப் பேட்டியில் இது கிடைக்காது. அங்கே தொகுப்பாளர் சிரிப்பார், நாம் இல்லாமலேயே எல்லாம் முடிந்திருக்கும். இங்கே நாங்கள் சிரிக்கத் தாமதித்தால் அவரும் தாமதிக்கிறார்.

வேடத்தை ஏற்றுக்கொண்ட பிறகு அகதா கிறிஸ்டியின் மகள் ராஸலிண்ட் ஹிக்ஸ் அவரைச் சாப்பிட அழைத்து ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். புவாரோவோடு சேர்ந்து மக்கள் சிரிக்கலாம், புவாரோவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. என் பார்வையில் அந்த 25 வருடத்துக்கும் கடிவாளம் இந்த ஒரு நிபந்தனைதான். அதற்கப்புறம் அவர் செய்தது ஒரு மாணவனின் வேலை. கிறிஸ்டியின் கதைகளை வரிசையாக வாசித்து, புவாரோவைப் பற்றி எழுத்தில் இருக்கும் ஒவ்வொரு குணத்தையும் எண் போட்டுக் குறித்துக்கொண்டார். மொத்தம் 93. காபியில் எத்தனை சர்க்கரைக் கட்டி (பெரும்பாலும் நான்கு, சிலசமயம் மூன்று, எப்போதாவது ஐந்து!), தேநீர் ஏன் ஆகாது, எந்தச் சட்டைப் பொத்தான், எந்தக் கடிகாரம், எல்லாம். ஷூட்டிங்குக்குப் போகும்போது அந்தப் பட்டியல் கூடவே போகும். ஒரு தடவை பூங்கா பெஞ்சில் உட்காருவதற்கு முன் கைக்குட்டையை விரித்துத் துடைக்க வேண்டும் என்று இவர் சொல்ல, டைரக்டர் அது கேலியாக இருக்கும் என்று மறுக்க, செட்டில் வேலையே நின்று தயாரிப்பாளர் பிரையன் ஈஸ்ட்மன் வரைக்கும் விஷயம் போய்விட்டது. கிறிஸ்டி எழுதியிருக்கிறார், ஆகவே துடைப்பார் என்று ஈஸ்ட்மன் இவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அக்காவுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். எனக்கு இதில் கொஞ்சம் பயமும் உண்டு. ஒரு கைக்குட்டைக்காக மொத்த யூனிட்டையும் காக்கவைக்கும் நடிகரோடு வேலை பார்ப்பது லேசாக இருந்திருக்காது.

அந்த நடை வந்த கதையும் எல்லாருக்கும் தெரிந்ததே. குறுகிய, வேகமான, மினுக்கிய நடை என்று கிறிஸ்டி எழுதியிருக்கிறார். எப்படி நடந்தாலும் வரவில்லை. நடிகர் லாரன்ஸ் ஒலிவியே ஒருமுறை பழங்கால மிடுக்கன் வேடத்துக்காகப் பின்புறத்து இடுக்கில் ஒரு பென்னி நாணயத்தை வைத்து விழாமல் நடந்து பழகினார் என்று எங்கேயோ படித்தது சூஷேக்கு ஞாபகம் வந்தது. இவரும் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு நாணயத்தோடு இறங்கிவிட்டார். பிரிட்டனில் கால் நூற்றாண்டாக மக்கள் ரசித்த நடையின் ரகசியம் அந்த ஒரு பென்னிதான். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நாடக அகாடமிப் பேராசிரியரின் கண்டிப்பு, துளி சிரிப்பில்லை. மூடிய வாய்களுக்குள் அரங்கம் மூச்சு முட்டியது.

அப்புறம் குரல். நான் இதற்காகவே இன்னொரு தடவை டிக்கெட் எடுப்பேன்.

அவருடைய சொந்தக் குரல் நெஞ்சில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? புவாரோ முழுக்க முழுக்க மூளையால் வாழ்பவர். அப்படியென்றால் குரலும் தலையிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவர் கண்டுபிடித்த கணக்கு. அதைப் படிப்படியாகச் செய்து காட்டினார். முதலில் தன் குரல். பேசிக்கொண்டே அதை நெஞ்சிலிருந்து தொண்டைக்கு ஏற்றினார், பேச்சு மெலிந்தது, வேகம் கூடியது. நான் காதால் கேட்பதைவிட அவர் கழுத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். குரல் மேலே ஏற ஏறக் கழுத்து நிமிர்கிறது, முகவாய் உள்ளே வருகிறது, தோள்கள் பின்னால் போகின்றன. எதையும் தனியாகச் செய்வதாகத் தெரியவில்லை. குரல் போகும் இடத்துக்கு உடம்பு பின்னாலேயே போகிறது. கடைசிப் படியில் பிரெஞ்சுச் சாயல் சேர்ந்தது, தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது, கண்ணில் அந்தச் சின்ன மினுக்கம். மீசை இல்லை, பஞ்சு இல்லை, தொப்பி இல்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்த பிடியில் அங்கே சிவந்துவிட்டது. யாரோ பால்கனியிலிருந்து சத்தமாகவே "ஓ!" என்றார்கள்.

இதில் விசேஷம் என்னவென்றால், எப்படிச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் செய்தார். மறைக்க ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அப்படியும் அந்தக் கடைசிப் படி எந்த நொடியில் நடந்தது என்று என்னால் பிடிக்க முடியவில்லை. சட்டென்று இறங்கி மறுபடி சொந்தக் குரலில் அவர் பேச ஆரம்பித்தபோது கூட்டத்திலிருந்து ஏமாற்றமாக ஒரு முனகல் வந்தது. அதற்கும் அவர் பழகியிருப்பார் போல, லேசாகத் தலையசைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

நண்பர் நண்பரைப் பேட்டி காண்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட பேட்டியில் குடைச்சல் கேள்வி வராது, அதை எதிர்பார்த்துப் போகக் கூடாது. பதிலுக்கு வேறொன்று கிடைக்கும். கேட்பவருக்கு எல்லாக் கதையும் தெரியும் என்பதால் குறுக்கே விழாமல் சரியான இடத்தில் நூலை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். நாடகக்காரர்கள் பாஷையில் சொன்னால் எடுத்துக்கொடுக்கும் நடிகர். அதற்கும் ஒரு அடக்கம் வேண்டும். எனக்குக் குடைச்சல் கேள்விதான் பிடிக்கும் என்றாலும், குரலை ஏற்றிக் காட்டிய அந்த ஐந்து நிமிடத்தை எந்தக் குடைச்சலும் கொண்டுவந்திருக்காது.

இடைவேளையில் அக்கா சந்தோஷத்தின் உச்சத்தில் இருந்தாள். "இனிமே ஷேக்ஸ்பியராம், நீ பாத்துக்கோ" என்று கைப்பையைத் திறந்து வீட்டுக்குப் போகும் ரயில் நேரம் பார்க்க ஆரம்பித்தாள்.

இரண்டாம் பாதி எனக்கு உரியது. ஷேக்ஸ்பியரின் வரியில் ஓசை எப்படி ஓடுகிறது, அழுத்தம் எங்கே விழுகிறது, அந்தத் துடிப்பை நடிகர் எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கம். பள்ளிக்கூடத்தில் தேமா, புளிமா என்று அலகிட்டுக் கொட்டாவி விட்ட நமக்கு இது புதிதில்லை. ஆனால் யாப்பு தேர்வுக்கு இருக்கிறது என்றுதான் நமக்குச் சொன்னார்கள், மூச்சை எங்கே விடுவது என்று நடிகருக்குச் சொல்வதற்காக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. 1982-இல் இயக்குநர் ஜான் பார்ட்டன் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சிக்காக எடுத்த வகுப்புகள் இருக்கின்றன, 'பிளேயிங் ஷேக்ஸ்பியர்' என்று. அதில் ஒரு வகுப்பில் சூஷேயும் பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் ஆளுக்கொரு ஷைலாக்காக, 'வெனிஸ் வணிகன்' நாடகத்து வட்டிக்காரராக, எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒரே வசனம். ஒருவர் ஷைலாக் யூதர் என்பதை முன்னால் வைக்கிறார், இன்னொருவர் அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டுப் பணத்தையும் பிழைப்பையும் பார்க்கிறார். முன்னவர் சூஷே, அவரே யூதப் பரம்பரை. இரண்டும் சரியாக இருக்கும், எரிச்சலாகக்கூட இருக்கும். அந்த வகுப்பைப் பார்த்துவிட்டுப் போனதால் எனக்கு அன்றைக்கு மேடையில் இருந்தவரோடு ஒரு தனிப் பேச்சே நடந்துகொண்டிருந்தது.

அவருடைய வழிமுறையில் ஒரு கேள்வி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வேடம் கிடைத்ததும், இந்தப் பாத்திரத்தை நாடகத்திலிருந்து மொத்தமாக உருவி எடுத்துவிட்டால் எது இல்லாமல் போகும் என்று பார்ப்பார். இல்லாமல் போவது எதுவோ அதற்காகத்தான் எழுத்தாளர் இவனைப் படைத்திருக்கிறார், நடிகன் செய்ய வேண்டிய வேலை அதுதான். 1978-இல் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தின் காலிபன் வேடம் கிடைத்தபோது, அது பாதி மீன், பாதி மிருகம் என்பது போன்ற யோசனைகள் சுற்றி வந்திருக்கின்றன. இவர் பிரதியைத் திரும்பத் திரும்பப் படித்து, அந்தத் தீவில் மனித உருவம் கொண்டவன் அவன் ஒருவன்தான் இருந்தான் என்று அவனை அடிமையாக்கிய புராஸ்பரோவே சொல்லும் இடத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் செதிலும் வாலும் எதற்கு? சொந்தத் தீவைப் பறிகொடுத்த மனிதனாக ஆடினார்.

இதைப் புவாரோவுக்குப் பொருத்திப் பார்த்தால் அந்த 93 குறிப்பும் வேறு மாதிரி தெரிகிறது. அதுவரை எனக்கு அது ஒரு ரசிகனின் சேகரிப்பாகத்தான் பட்டது, கொஞ்சம் கிறுக்குத்தனமும் சேர்த்து. ஆனால் சர்க்கரைக் கட்டியும் கைக்குட்டையும் காலிபனின் மனித உருவமும் அவருக்கு ஒரே வேலை. எழுதியவர் என்ன வைத்திருக்கிறார் என்று தேடுவது. தன்னிடம் என்ன இருக்கிறது என்பதைக் காட்டுவதில் அவருக்கு அக்கறையே இல்லை. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தன்னைப் பற்றியே பேசியும் மனிதர் எங்கேயும் அகப்படவில்லை. நான் மேடைக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பிடிக்கலாம் என்று போனேன், அவரோ கிறிஸ்டியையும் ஷேக்ஸ்பியரையும் கையில் கொடுத்து அனுப்புகிறார். பீட்டர் ஷாஃபரின் 'அமாடியஸ்' நாடகத்தில் அவர் மொத்சார்ட்டின் மீது பொறாமைப்படும் இசையமைப்பாளர் சாலியேரி. 1998-இல் லண்டன் ஓல்டு விக் தியேட்டரில் தொடங்கி நியூயார்க் பிராட்வே வரை போய் டோனி விருதுப் பரிந்துரையும் பெற்ற வேடம். மொத்சார்ட்டாக வந்தவர் மைக்கேல் ஷீன். தொலைக்காட்சியில் புவாரோ சில வருடம் நின்றுபோயிருந்த இடைவெளி அது. அடுத்தவனுடைய இசையைக் கேட்டு அதன் மேன்மையை முழுசாகப் புரிந்துகொள்ளும் ஒரே ஆள், அதனாலேயே நொந்து சாகும் ஆள் சாலியேரி. அந்தப் பாத்திரத்துக்கு வேண்டியது பேசத் தெரிந்த நடிகரைவிடக் கேட்கத் தெரிந்த நடிகர். சூஷேயைக் கவனித்துப் பாருங்கள், பேட்டியில் கேள்வி கேட்கும்போதுகூட அவர் வாய் பதிலுக்குத் தயாராவதே இல்லை. கேள்வி முடிகிற வரை கேட்கிறார். அதற்கப்புறம்தான் பதில் அவருக்கே வருகிறது.

புவாரோவின் மரணத்தைத் தொடாமல் இந்த நிகழ்ச்சி முடிய முடியாது. 'கர்ட்டன்' கதையில் புவாரோ சாகிறார். கடைசியாக 2013 நவம்பரில் ஒளிபரப்பானது. ஆனால் எடுத்த வரிசை வேறு. மீதியிருந்த ஐந்து கதைகளில் 'கர்ட்டன்' படத்தைத்தான் முதலில் எடுத்தார்கள். உடம்பை இளைக்கவைத்து, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, சாகவும் வைத்துவிட்டு, அப்புறம் பஞ்சைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்து மற்ற நான்கு கதைகளில் நடித்தார். கடைசி நாள் படப்பிடிப்பு டெவனில், அகதா கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில். அவள் எழுதிய ஆள் அவள் வீட்டு வாசலில் உயிரோடும் மீசையோடும் நடந்து வந்து முடித்துக்கொண்டார். சாகிற நாள் படப்பிடிப்பு தன் தொழிலிலேயே கடினமான நாள் என்று சூஷே எப்போதும் சொல்வார். அக்கா 'கர்ட்டன்' படத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், இரண்டாம் தடவை பார்க்க மாட்டேன் என்கிறாள். அந்தப் பேச்சு வந்தபோது கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டாள்.

வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கியது, இந்த முறை 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' பற்றி. 2010 கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டனில் ஒளிபரப்பான புவாரோ படம். கதை தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். மற்ற படங்களில் கடைசித் தீர்ப்பைப் புவாரோ ஏறக்குறைய நிதானமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இதில் மனிதர் கொதிக்கிறார், சட்டத்தைக் கையில் எடுத்தவர்களைப் பார்த்துக் கத்துகிறார், கத்தோலிக்கராக ஜெபம் செய்கிறார், கடைசியில் பனியில் ஜபமாலையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நடந்து போகிறார்.

"புவாரோவுக்கு இவ்ளோ கோபம் வராதுடா. அது அந்தாளு தன் சொந்த பக்தியைக் கொண்டு வந்து போட்டது" என்பது அக்காவின் கட்சி. சூஷே 1986-இல் கிறிஸ்தவத்துக்கு வந்தவர், பைபிள் முழுவதையும் ஒலிப்புத்தகமாக வாசித்தவர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், அதையே ஆதாரமாகக் காட்டினாள்.

"அக்கா, புவாரோ கத்தோலிக்கர்னு கிறிஸ்டியே எழுதியிருக்காங்க. அந்த 93-ல அதுவும் இருக்குமே. கொலை பண்ணவங்களை அவர் போகவிடறாரு, அதுக்கு அவருக்கு ஒண்ணுமே வலிக்கலைன்னா எப்படி?"

"வலிக்கட்டும். அதுக்குக் கத்தணுமா?"

லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷனில் படி இறங்கும்வரை இது ஓடியது. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கத்தாமலே செய்திருக்க முடிந்தவர்தான் அவர். குரலைத் தலைக்கு ஏற்றிக் காட்டியவருக்கு நெஞ்சுக்கு இறக்கவா தெரியாது? ஆனால் அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். கோபம் வரும்போது குரல் உண்மையிலேயே கீழே, நெஞ்சுக்கு இறங்குகிறது. மூளையால் மட்டுமே வாழ்கிற ஆளுக்கு மூளை போதாத ஒரு ராத்திரி அது. இதை ரயிலில் அக்காவிடம் சொன்னேன், வீட்டுக்கு வந்ததும் படத்தைப் போட்டே காட்டினேன். அந்த இடம் வந்ததும் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள், அப்புறம் இன்னொரு தடவை கேட்டாள். "குரல் இறங்குது, சரி" என்றாள். "ஆனா கத்தியிருக்க வேண்டாம்."